சூலக்கல் முனியின் ஒன்பது பெயர்கள்

இங்கிலாந்து
04.02.2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

ஜீவராணி எழுதுகிறேன். நானும் உங்கள் மச்சான் தயாபரனும் சுகம். அவருக்கு மீன் கிடங்கில் வேலை நிரந்தரமாகிவிட்டது. அவர் வீட்டுக்கு வந்தால் கருவாட்டுக் கடைக்குள் குடியிருப்பது மாதிரி இருக்கிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை. அண்ணியின் முழங்கால் எப்படி? நான் அனுப்பிய தைலத்தைப் பூசுகிறாரா, இல்லை அலுமாரியில் வைத்து அழகு பார்க்கிறாரா?

போன் இருக்க ஏன் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நீங்கள் கோயில் ஒலிபெருக்கி மாதிரி கத்துவீர்கள், லயத்தில் வரிசையாக ஒட்டியிருக்கிற எட்டுக் காம்பராவுக்கும் கேட்கும். இது எட்டுக் காம்பராவுக்கும் கேட்கக்கூடாத விஷயம். ஆற அமரப் படியுங்கள். படித்து முடிக்கும்வரை கோபப்படாதீர்கள்.

நான் பார்த்துக்கொள்கிற ஐரீன் அம்மாவைப் பற்றி முன்பே சொல்லியிருக்கிறேன். வயது எண்பதாகப் போகிறது, பிள்ளைகுட்டி கிடையாது. காலையில் போய்க் குளிக்க வைத்துச் சாப்பாடு கொடுப்பேன், பின்னேரம் தேத்தண்ணீர் போட்டுக் கொடுத்துவிட்டு வருவேன். நான் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள் என்று தெரிந்த நாளிலிருந்து வேறு யார் கையாலும் தேத்தண்ணீர் குடிப்பதில்லை என்று ஒரே பிடிவாதம்.

இது நீர்மூழ்கிக் கப்பல்களின் ஊர். இரண்டாம் உலகப் போரில் இங்கிருந்து போய்த் திரும்பி வராத கப்பல்கள் எத்தனையோ. கடலுக்கு அடியிலேயே போய்விட்டவர்களுக்குக் கல்லறை ஏது? இப்போது துறைமுகத்தில் அவர்களுக்கு ஒரு நினைவுச்சின்னம் கட்டுகிறார்கள். நீளமான கறுப்புக் கல் சுவரில் ஒவ்வொரு கப்பலின் பெயரும், அதில் போனவர்களின் பெயர்களும் வெட்டப்படும். செப்டெம்பரில் திறப்பு விழா.

ஐரீன் அம்மாவின் அப்பா தோமஸ் அப்படி ஒரு கப்பலில் 1944இல் போனவர். மகள் அப்போது ஏழு மாதக் குழந்தை. ஆனால் நினைவுச்சின்னக் கமிட்டியின் பட்டியலில் தோமஸ் இல்லை. கடற்படைக் காகிதத்தில் இல்லாத பெயரை வெட்ட முடியாது, வேறு அத்தாட்சி இருந்தால் மே 31ஆம் திகதிக்குள் கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அந்த மனுஷி ஒரு வாரம் ஒழுங்காகச் சாப்பிடவில்லை.

போன செவ்வாய்க்கிழமை ஒரு பழைய பிஸ்கட் பெட்டியைத் திறந்து எனக்கு இரண்டு படங்களைக் காட்டினார். ஒன்றில் கடற்படைப் பையன்கள் ஒன்பது பேர் ஒரு பங்களா வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிறார்கள். இன்னொன்றில், நடுவே பிளந்த ஒரு பாறை, அதற்கு முன்னால் நட்டுவைத்த கல். படத்தின் பின்பக்கத்தில் ஹல்துமுல்லை என்றும் நம் தோட்டத்தின் பெயரும் எழுதியிருக்கிறது. அண்ணே, எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அது நம்ம சூலக்கல் முனி!

திருகோணமலையிலிருந்து கடைசியாகக் கடலுக்குப் போகுமுன் அந்த ஒன்பது பேரும் பத்து நாள் ஓய்வுக்காக நம் தோட்டத்துத் துரையின் பங்களாவில் தங்கியிருக்கிறார்கள். தினமும் பின்னேரம் அந்தப் பாறையில் போய் உட்காருவார்களாம். கப்பல் திரும்பவில்லை என்று கேள்விப்பட்டதும் துரை அவர்களுடைய பெயர்களை ஒரு கல்லில் வெட்டி அங்கேயே நட்டுவிட்டு, ஐரீனின் தாய்க்குப் படம் அனுப்பியிருக்கிறார். படத்தில் எழுத்து தெரியவில்லை. கல்லின் தலையில் இருக்கும் நங்கூரம் மட்டும் தெரிகிறது. அதைத்தான் நாம் பிடியில்லாத சூலம் என்று கும்பிடுகிறோம்.

எண்ணெய்க்கும் பெயின்ட்டுக்கும் அடியில் அந்த ஒன்பது பெயர்களும் இருக்க வேண்டும். பூசாரி நீங்கள்தான். எண்ணெயையும் பெயின்ட்டையும் சுரண்டிப் பார்த்து, தோமஸ் என்று இருந்தால் ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா, அண்ணே?

அன்புடன்,
உங்கள் தங்கை
ஜீவராணி


ஹல்துமுல்லை
25.02.2024

தங்கச்சி ஜீவராணிக்கு,

அண்ணன் கந்தப்பன் எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் அண்ணி இராக்கம்மா தைலத்தைப் பூசுகிறாள், பூசிவிட்டு நோகுது நோகுது என்று என்னைத்தான் ஏசுகிறாள். மழை இல்லை, கொழுந்து குறைவு.

கோபப்படாதே என்று எழுதியிருந்தாய். முதல் பக்கத்திலேயே வந்துவிட்டது. படித்து முடிக்கும்வரை அடக்கி வைத்திருந்து இப்போது எழுதுகிறேன்.

சாமியைச் சுரண்டு என்கிறாயே, உனக்கு மூளை குளிரில் விறைத்துப்போய்விட்டதா? அது யார் மேனி என்று தெரியுமா? அப்பா தொட்டுப் பூசை செய்த கல். வருடா வருடம் கவ்வாத்துக்கு முன்னால் சேவல் அறுத்து, சுருட்டும் சாராயமும் படைத்து, "ஐயா, உத்தரவு குடுங்க"ன்னு கேட்ட பிறகுதான் தேயிலைச் செடியில் கத்தி வைக்கிறோம். நான் பூசாரியான இருபத்தொரு வருடத்தில் ஆறாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டியவர்களில் ஒரு ஆளுக்குக்கூடக் கத்தி பட்டதில்லை. பக்கத்து மலையில் போய்க் கேட்டுப்பார், விரல் போன கதை எத்தனை சொல்வார்கள்.

நீ சொல்வது உண்மையாகவே இருக்கட்டும். வெள்ளைக்காரப் பையன்களின் பெயர்க்கல் என்று நாளைக்குத் தெரிந்தால் யார் அங்கே விளக்கு வைப்பார்கள்? லயத்துச் சனம் என்னைப் பார்த்துச் சிரிக்காதா? நான் பூசாரியா, இல்லை நினைவுச்சின்னத்துக்கு வாட்சரா? அங்கிருந்துகொண்டு நீ சுலபமாகக் கேட்டுவிட்டாய்.

இருந்தாலும் நீ கேட்டதற்காக முனியிடமே கேட்டேன். வெள்ளிக்கிழமை வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிக் கல்லின் காலடியில் வைத்து உன் அண்ணியை எடுக்கச் சொன்னேன். வெள்ளை வந்தால் உத்தரவு. சிவப்பு வந்தது. முடிந்தது கதை. இனி இதைப் பற்றி எழுதாதே. அந்த அம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

உன் அண்ணன்
கந்தப்பன்


இங்கிலாந்து
13.03.2024

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. சிரித்தேன், பிறகு அழுதேன். எழுதாதே என்று நீங்கள் சொன்னதால்தான் எழுதுகிறேன், சின்ன வயதிலிருந்தே என்னை உங்களுக்குத் தெரியும்தானே.

முதலில் ஒன்று. கேட்டது நான்தான், ஐரீன் அம்மா கேட்கவில்லை. முனியின் உத்தரவு கிடைக்கவில்லை என்று சொன்னதும், "They said no" என்று நான் இங்கிலீஷில் தடுமாறியதைப் பார்த்து என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர்களுடைய சாமியைத் தொந்தரவு செய்யாதே ஜீவா, என்றார். பிஸ்கட் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். அதற்குப் பிறகு நினைவுச்சின்னத்தைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அந்தக் கல்லுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று கேட்டார். வெள்ளிக்கிழமை விளக்கு வைப்போம், வருடத்துக்கு ஒரு முறை சேவலும் சுருட்டும் சாராயமும் படைப்போம் என்றேன். முதலில் வயிறு குலுங்கச் சிரித்தார். "அப்பாவுக்கு ரொம்பப் பிடித்திருக்கும்" என்றார். அப்புறம் சத்தமில்லாமல் அழுதார். உலகத்தில் தன்னைத் தவிர அவரை நினைக்க யாருமில்லை என்று இத்தனை காலம் நம்பியிருந்தாராம். எண்பது வருடமாக முன்பின் தெரியாதவர்கள் அவருக்கு விளக்கு வைத்திருக்கிறார்களே என்று திரும்பத் திரும்பச் சொன்னார்.

கடற்படைக் காகிதத்தில் தோமஸ் பெயர் ஏன் இல்லை என்பதை நான் முதல் கடிதத்தில் எழுதவில்லை. அவர் கடற்படையில் சேர்ந்தது பதினைந்து வயதில். அந்த வயதில் எடுக்கமாட்டார்கள். அவருக்கு வில்லியம் என்று ஒரு அண்ணன் இருந்து நாலு வயதில் செத்துப்போயிருக்கிறார். அந்த அண்ணனின் பிறப்புப் பத்திரத்தைக் கொண்டுபோய்க் கொடுத்து, வில்லியம் என்று சொல்லிச் சேர்ந்துவிட்டார். கலியாணம் மட்டும் சொந்தப் பெயரில் கட்டினார். ஆனால் காகிதத்தில் கடலில் மூழ்கியது வில்லியம்தான். நாலு வயதில் மண்ணுக்குள் போன பிள்ளை இருபத்திரண்டு வயதில் கப்பலோடு போனதாக எழுதியிருக்கிறார்கள். பெற்ற மகள் வந்து இது என் அப்பா என்றால், அத்தாட்சி எங்கே என்கிறார்கள்.

துரையிடமும் பங்களாவுக்குக் கூட வந்த நண்பர்களிடமும் அவர் எந்தப் பெயரைச் சொன்னார் என்று தெரியாது. சொந்தப் பெயரைச் சொல்லியிருந்தால் அந்தக் கல்லில் மட்டும்தான் இருக்கும். மகளுக்கு வேறு வழியில்லை.

உங்களைக் கட்டாயப்படுத்தவில்லை அண்ணே. நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்றுதான் எழுதினேன். அண்ணியைக் கேட்டதாகச் சொல்லுங்கள்.

அன்புடன்,
ஜீவராணி


ஹல்துமுல்லை
05.04.2024

தங்கச்சிக்கு,

உன் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். மூன்றாவது தரம் படித்த அன்றைக்கு வேலைக்குப் போகவில்லை. கணக்கப்பிள்ளை ஆள் அனுப்பிக் கேட்டார், காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்காதே.

ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். பூக்கட்டிப் பார்த்தேன் என்று எழுதினேனே, அதில் களவு செய்துவிட்டேன். இரண்டு பொட்டலத்திலும் சிவப்புப் பூவையே வைத்திருந்தேன். வெள்ளை வந்துவிட்டால் என்ன செய்வது என்று பயம். உன் அண்ணி ஒன்றை எடுத்துப் பிரித்துவிட்டுச் சும்மா இருந்தாளா? மற்றப் பொட்டலத்தையும் மடியில் கட்டிக்கொண்டு வந்து வீட்டில் பிரித்திருக்கிறாள். இத்தனை நாள் வாயைத் திறக்கவில்லை. உன் இரண்டாம் கடிதத்தைப் படித்துக் காட்டிய பிறகுதான் இரண்டு பூவையும் என் முன்னால் போட்டாள். "சாமிகிட்டயே களவா? நீங்கள்லாம் ஒரு பூசாரி!" என்றாள். கலியாணம் கட்டிய இருபத்தாறு வருடத்தில் அவளிடம் இப்படித் தலைகுனிந்து நின்றதில்லை.

மறுநாளே ஒழுங்காக வெள்ளை ஒன்று, சிவப்பு ஒன்று கட்டிக் கொண்டுபோனேன். இந்தத் தடவை பொட்டலம் கட்டியதும் அவள்தான், எடுத்ததும் அவள்தான். வெள்ளை வந்தது. அவள் ஏதும் களவு செய்தாளா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு வாய் ஏது?

ஆனால் எப்படிச் செய்வது என்று யோசித்தேன். சாமி குடியிருக்கும்போது கல்லில் கை வைக்க முடியாது. பெரிய கோயில்களில் திருப்பணி செய்யும்போது சாமியைக் கும்பத்தில் இறக்கி வேறு இடத்தில் வைப்பார்கள் அல்லவா, அதையே செய்யலாம் என்று முடிவு செய்தேன். ஒரு செம்பில் சுனைத் தண்ணீர், மாவிலை, தேங்காய், நூல் சுற்றி முனியை அதில் அழைத்து நம் முன் காம்பராவில் வைப்பது. வேலை முடியும்வரை அவர் நம் வீட்டு விருந்தாளி. கல் வெறும் கல்.

ஞாயிற்றுக்கிழமை லயத்து ஆட்களைக் கூட்டி எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல், பையன்கள், அந்த மகள், ஒன்றையும் மறைக்கவில்லை. ஒரே சத்தம்.

"பூசாரி, சாமிய சொரண்டுனா சாமி சும்மா இருக்குமா?" என்று கவ்வாத்துக்காரர்கள் எழும்பிவிட்டார்கள்.

"சாமிய எங்கடா சொரண்டுறேன்? சாமி எங்க வீட்டுல இருக்கும். நான் கல்லத்தான் கழுவுறேன்" என்றேன்.

"அப்ப நாங்க இத்தன காலமா கும்புட்டது யாரைங்க?" என்று ஒருவர் கேட்டார். தெரியவில்லை என்றுதான் சொன்னேன். பாதிப்பேர் முணுமுணுத்துக்கொண்டு எழும்பிப் போய்விட்டார்கள். அது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது.

வருடப் பிறப்பு முடிந்ததும் தொடங்குகிறேன். அந்த அம்மாவிடம் இப்போதே ஒன்றும் சொல்லாதே. கல்லில் வில்லியம் என்று இருந்துவிட்டால் இரண்டாவது தடவையும் அந்த மனுஷி உடைந்துபோகும்.

உன் அண்ணன்
கந்தப்பன்


ஹல்துமுல்லை
29.04.2024

அன்புத் தங்கச்சிக்கு,

ஜௌபர் நானா போனில் அனுப்பிய படங்களை நீ பார்த்திருப்பாய். பார்த்துவிட்டு நீ போட்ட சத்தம் இந்தப் பக்கம் போன் இல்லாமலே கேட்டிருக்கும். இருந்தாலும் நடந்ததை முறையாக எழுதுகிறேன்.

வெள்ளிக்கிழமை விடியற்காலையில் முனியைக் கும்பத்தில் இறக்கி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அன்றிலிருந்து வீட்டில் மீன் இல்லை, இறைச்சி இல்லை, டீவி இல்லை. உன் அண்ணி நாடகம் பார்க்க முடியாமல் துடித்தாள். "ஐயா எப்பங்க கெளம்புவாரு?" என்று மூன்று நாளும் என்னைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பற்றிப் பேசுகிற பேச்சா அது?

ஜௌபர் நானாவை உனக்கு நினைவிருக்கும், ஹல்துமுல்லைச் சந்தியில் ஹார்ட்வெயார் வைத்திருப்பவர். பெயின்ட் கழற்ற ஒரு மருந்து இருக்கிறது, பூசினால் பத்து நிமிடத்தில் உரிந்துவிடும் என்றார். வேண்டாம் நானா, நாளைக்குச் சாமி திரும்பி வந்து குடியிருக்க வேண்டிய உடம்பு என்றேன். கொதிநீர், புளி, சீயக்காய், தேங்காய்த் தும்பு, மூங்கில் சீவல், இவ்வளவுதான். மனுஷன் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு மூன்று நாளும் மலைக்கு ஏறி வந்தார். "பூசாரி, உங்கட சாமிக்கு எண்ணெய் வச்சது போதும், இனி கொஞ்சம் சவர்க்காரமும் வைங்க" என்று ஒரே பகிடி.

முதல் நாள் மேலே இருந்த பெயின்ட் மட்டும் போனது. மஞ்சள், அதற்கடியில் சிவப்பு, அதற்கடியில் நீலம். இரண்டாம் நாள் எண்ணெயும் குங்குமமும் சாந்தும் கட்டியாகி, தார் மாதிரி ஒரு விரல் தடிப்பில் வந்தது. மத்தியானம் நங்கூரம் முழுதாகத் தெரிந்தது. நீ சொன்னது சரி, சூலம் இல்லை. சாயங்காலம் முதல் எழுத்துகள் தெரிந்தன. நான் துடைக்கத் துடைக்க நானா ஒவ்வொன்றாக வாசித்தார். ஆல்பர்ட், ஜோர்ஜ், ஹென்றி, இப்படியே எட்டுப் பெயர். எட்டிலும் தோமஸ் இல்லை. வில்லியமும் இல்லை.

ஒன்பதாவது எங்கே என்று தேடினோம். கல்லின் அடியில் அப்பா கட்டிய சீமெந்துப் பீடம் இருக்கிறதே, அது கல்லை ஒரு சாண் உயரத்துக்கு மூடியிருந்தது. கடைசி வரி அதற்குள் மாட்டிக்கொண்டிருக்கிறது. அப்பா தன் கையால் குழைத்து, 1979 என்று விரலால் எழுதிய சீமெந்து. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நானா தேத்தண்ணீர்ப் போத்தலைத் திறந்து எனக்கு ஊற்றிக் கொடுத்தார். பிறகு, "கந்தப்பன், உடைச்சா திரும்பக் கட்டலாம். சீமெந்து நான் தாறேன்" என்றார்.

மூன்றாம் நாள் உடைத்தேன். சாமி உடம்பில் இரும்பு படக்கூடாது என்று கல்லைச் சாக்கால் சுற்றிவிட்டு, வெளிப்பக்கத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தட்டினேன். அதைப் பார்க்க, கூட்டத்தில் கோபித்துக்கொண்டு போன கவ்வாத்துக்காரர்களும் வந்து நின்றார்கள். ஒரு ஆள்கூட உதவிக்கு வரவில்லை, ஒரு ஆள்கூடப் போகவும் இல்லை. மண்ணைத் துடைத்ததும் நானா மண்டியிட்டுக் குனிந்து வாசித்தார். வாசித்துவிட்டு என்னைப் பார்த்து, "தோமஸ்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது ஜீவராணி. யார் பெற்ற பிள்ளையோ. அந்த இடத்தில், அத்தனை பேருக்கு முன்னால், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். அந்த அம்மாவிடம் இப்போது போய்ச் சொல்.

உன் அண்ணன்
கந்தப்பன்


இங்கிலாந்து
22.09.2024

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

நேற்று நினைவுச்சின்னத் திறப்பு விழா நடந்தது. எல்லாவற்றையும் போனில் சொன்னால் உங்களுக்கு அழுகை வந்து காம்பரா முழுக்கக் கேட்கும், அதனால் எழுதுகிறேன்.

கமிட்டிக்காரர்கள் மே மாதமே ஒத்துக்கொண்டது உங்களுக்குத் தெரியும். கல்லின் படம், துரை அனுப்பிய பழைய படம், கலியாணப் பத்திரம் எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். மற்ற எட்டுப் பேரும் அதே கப்பலின் பட்டியலில் இருக்கிறார்கள், ஒன்பதாவது ஆள் தோமஸ். பட்டியலில் இருந்த வில்லியம் அவர்தான் என்று முடிவானது. கமிட்டித் தலைவர் ஐரீன் அம்மாவின் வீட்டுக்கே வந்து மன்னிப்புக் கேட்டார். இவர் அவருக்கும் என் தேத்தண்ணீரைத்தான் கொடுக்கச் சொன்னார்.

பெயரை எப்படி வெட்டுவது என்று கேட்டபோது அம்மா சொன்னது எல்லோரையும் யோசிக்க வைத்தது. வில்லியத்தை அழிக்காதீர்கள், நாலு வயதுப் பிள்ளை பெயரைக் கடன் கொடுத்திருக்கிறான், அவனுக்கும் இடம் இருக்கட்டும் என்றார். அதனால், தோமஸ், வில்லியம் என்ற பெயரில் பணியாற்றியவர், என்று வெட்டியிருக்கிறார்கள்.

விழாவில் ஒவ்வொரு கப்பலின் பெயரையும் வாசித்து ஒவ்வொரு தடவையும் ஒரு மணி அடித்தார்கள். கடலில் நின்ற கப்பல்கள் கொடியை இறக்கின. நான் அம்மாவின் சக்கர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிக் கொண்டுபோய் நிறுத்தினேன். அவர் கையுறையைக் கழற்றிவிட்டு அப்பாவின் பெயரைத் தடவினார், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்துவரை, பிறகு மறுபடி முதலிலிருந்து. அவ்வளவு குளிர்க் காற்றில் கால் மணி நேரம் கையை எடுக்கவில்லை. அப்புறம் என்னைப் பார்த்து, "உன் அண்ணாவுக்குச் சொல், நான் இன்றைக்கு என் அப்பாவைச் சந்தித்தேன்" என்றார். சொல்லிவிட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். முதலில் முடியவே முடியாது என்று குதித்தீர்கள். சிவப்புப் பூவைக் களவாக வைக்கிற அளவுக்குப் பயந்தீர்கள். பிறகு என் ஒரு கடிதத்தில் மனம் மாறிவிட்டீர்கள். காரணம் கேட்காதே என்றும் எழுதினீர்கள். போனில் கேட்டால் பேச்சை மாற்றுகிறீர்கள். அண்ணிக்கும் தெரியவில்லையாம். என்னிடமாவது சொல்லக்கூடாதா?

அன்புடன்,
ஜீவராணி


ஹல்துமுல்லை
13.10.2024

அன்புத் தங்கச்சி ஜீவராணிக்கு,

உன் கடிதத்தை லயத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். பெயரைத் தடவிய இடத்தில் உன் அண்ணி எழும்பிப் போய்விட்டாள். அந்த அம்மாவுக்கு எங்கள் எல்லோருடைய வணக்கத்தையும் சொல். அடுத்த பார்சலில் ஆறாம் நம்பர் மலைத் தேயிலை வருகிறது.

முனி தன் இடத்துக்குத் திரும்பிவிட்டார். பீடத்தைத் தாழ்வாகக் கட்டியிருக்கிறோம், ஒன்பது பெயரும் வெளியே தெரிகின்றன. ஜௌபர் நானா சொன்ன சொல் தவறாமல் சீமெந்து கொடுத்தார். இனி பெயின்ட் இல்லை, எண்ணெய் மட்டும். சனம் வராமல் போய்விடும் என்று பயந்தேன் அல்லவா? போன வெள்ளிக்கிழமை கவ்வாத்துப் பூசைக்கு ஒரு ஆள் பாக்கியில்லாமல் வந்தார்கள். கூட்டத்தில் கேட்ட அதே ஆள் எழும்பி, "பூசாரி, பேரு தெரிஞ்சு போச்சுல்ல? இனிமே பேரச் சொல்லியே கூப்புடுங்க" என்றார். ஒன்பது பேரையும் கூப்பிட்டேன். எனக்கு அந்தப் பெயர்கள் ஒழுங்காக வாயில் வரவில்லை. அவர்கள் கோபித்துக்கொள்ளமாட்டார்கள் என்று நினைக்கிறேன்.

இனி நீ கேட்டதற்கு வருகிறேன். உட்கார்ந்து படி. தயாபரன் மச்சான் பக்கத்தில் இருந்தால் நல்லது.

நம் அப்பாவின் பெயர் இராமையா இல்லை. இராமையா அவருடைய அண்ணன். இரண்டு பேரும் லுணுகலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை செய்தவர்கள். தோட்டத்துச் சனத்தில் ஒரு பங்கை இந்தியாவுக்கு அனுப்பிய காலம் அது. அண்ணனுக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கிடைத்தது. தம்பியை இந்தியாவுக்குக் கப்பல் ஏறச் சொல்லிக் காகிதம் வந்தது. அதே மாதம் அண்ணன் காய்ச்சலில் செத்துப்போனார். தம்பி இந்த மண்ணில் பிறந்தவர், இந்தியாவில் ஒரு முகம் தெரியாது. அண்ணனின் காகிதங்களை எடுத்துக்கொண்டு மலை மாறி இங்கே வந்து, இராமையா என்று சொல்லி வேலைக்குப் பெயர் பதிந்தார். அம்மாவைக் கட்டியதும் அந்தப் பெயரில். முப்பத்தொரு வருடம் காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் அந்தப் பெயரைக் கூப்பிட்டால்தான் "வந்துட்டேங்க" என்று சொன்னார்.

எனக்கு இது அவர் செத்த அன்றைக்குத்தான் தெரியும். மரணத்தைப் பதியப் போகுமுன் அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கந்தா, கேட்டா இராமையான்னே எழுதிக் குடு. நெசப் பேரு தெரிஞ்சா நம்ம எல்லாத்தையும் ஏத்தி அனுப்பிருவானுங்க" என்றார். அந்தக் காலம் மலையேறிவிட்டது என்று எங்களுக்கு யார் சொன்னார்கள்? பயந்துகொண்டு அப்படியே எழுதிக் கொடுத்தேன். கருமாதியில் பெயரைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விடச் சொன்னபோதும், சுற்றிவர ஆட்கள் நின்றார்கள், இராமையா என்றே சொன்னேன். தண்ணீர் பெரியப்பாவுக்குப் போனது ஜீவராணி. அப்பாவுக்குப் போகவில்லை. பெற்ற அப்பாவைப் பெயர் சொல்லி அனுப்பாதவன் ஊர்ச் சாமிக்கெல்லாம் பூசை செய்கிறேனே என்று எத்தனை தரம் கூசியிருக்கிறேன் தெரியுமா? அம்மாவும் போய்விட்டார். உனக்குச் சொல்ல வேண்டும் என்று பல தடவை வாயெடுத்து விட்டுவிட்டேன்.

அப்படியிருக்க, செத்த அண்ணனின் காகிதத்தில் போன ஒருவரின் மகள் அப்பாவின் பெயருக்காக அங்கே காத்துக்கொண்டிருக்கிறாள் என்று நீ எழுதினால், நான் எப்படிச் சும்மா இருப்பேன்?

வெள்ளிக்கிழமை ஒன்பது பெயரைச் சொல்லி முடித்த பிறகு, செம்பில் மிச்சமிருந்த தண்ணீரில் எள்ளைப் போட்டு, பத்தாவதாக ஒரு பெயரைச் சத்தமாகச் சொல்லி மண்ணில் விட்டேன். யாருங்க அது என்று கேட்டார்கள். எங்கப்பா என்றேன். யாரும் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. அன்றைக்கு எனக்கு நல்ல தூக்கம் வந்தது.

அந்தப் பெயரைக் கீழே எழுதியிருக்கிறேன். இதுவரைக்கும் நான் எந்தக் காகிதத்திலும் எழுதியதில்லை, அதனால் எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும். நீயும் ஒரு தரம் சத்தமாக வாசி.

இப்படிக்கு,
சங்கிலிமுத்து மகன்
கந்தப்பன்